நான்கால் வகுபடாத எண்கள்

இக்குறிப்பை எழுதியே தீரவேண்டும் என்ற எண்ணம் சென்ற திங்களில்தான் எனக்கு உண்டாயிற்று. எங்கள் கல்லூரியில் புதிதாகப் பணியேற்ற விரிவுரையாளர் இருவர், ஓய்வுபெற்றவன் எப்படிப் பொழுது போக்குகிறேன் என்று பார்த்துவர என் இல்லத்துக்கு வந்திருந்தனர். தேநீர் பருகிக்கொண்டே அவர்களுள் ஒருவர், "சேர், உங்கட நாலு விதி இப்பவும் நல்லா வேலை செய்யுது. போன கிழமையும் ஒரு ஆளைப் பிடிச்சனாங்கள்" என்றார்.

"பிடிச்சுப்போட்டு அவரிட்ட என்ன கேட்டனீங்கள்?" என்றேன்.

"கேக்க என்ன கிடக்கு சேர்? இலக்கமே சொல்லுதே."

அவர் முகத்தில் ஒளிர்ந்த பெருமிதம் எனக்கு மிகவும் பழக்கமானது. பல்லாண்டுகள் அதை நானே முகத்தில் ஏந்தித் திரிந்தவன். அம்மாணவரை மீண்டும் அழைத்து, அவர் என்ன செய்தார் என்று அமைதியாகக் கேட்குமாறு வேண்டி அவர்களை வழியனுப்பினேன். பின்னர் மேசையில் அமர்ந்தேன். நான் வகுத்த விதி கல்லூரியில் உயிரோடிருக்கிறது. நான் அதைக் கைவிட்ட வரலாறு மட்டும் எவருக்கும் எட்டவில்லை. இளைய நண்பர்களே, அவ்விரண்டையும் ஒன்றாகவே நீங்கள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று விழைகிறேன்.

முதலில் விதி. உடற்பயிற்சி அறிவியலும் விளையாட்டு மேலாண்மையாகிய முகாமைத்துவமும் பயில வருவோர் தொடக்கத்திலேயே கற்கும் வினை, பிறர் மணிக்கட்டில் விரல் பதித்து நாடித்துடிப்பை எண்ணுதல். முழு நிமிடம் எண்ணுவதில்லை. உழைப்பு நின்ற கணத்திலிருந்தே துடிப்பு தணியத் தொடங்குமாதலால், பதினைந்து செக்கன் மட்டும் எண்ணி, வந்த தொகையை நான்கால் பெருக்கிக்கொள்வோம். எனவே இம்முறையில் கிடைக்கும் எண் எதுவாயினும் நான்கின் மடங்காகவே இருக்கும். எழுபத்திரண்டு வரலாம், எழுபத்தாறு வரலாம். எழுபத்துமூன்று ஒருபோதும் வாராது.

ஓராண்டு, கரப்பந்தாட்ட வீரர்களைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கையில் எழுபத்துமூன்று வந்திருந்தது. எண்பத்தைந்தும் தொண்ணூற்றொன்றும் உடன் வந்திருந்தன. எழுதியவரை அழைத்து, இவ்வெண்கள் எவ்வாறு கிடைத்தன என்று வினவினேன்.

"ஆளைப் பாத்தாத் தெரியும் தானே சேர், எவ்வளவு இளைக்கிறார் எண்டு. அதுக்கேத்த மாதிரிப் போட்டனான்" என்றார் அவர்.

"கை பிடிச்சுப் பாக்கேல்லையோ?"

"பிடிச்சனான் சேர். ரெண்டு பேருக்கு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அது 'நான்கின் விதி' ஆயிற்று. முதலாமாண்டு மாணாக்கர் வந்து அமர்ந்த முதற்கிழமையிலேயே, கரும்பலகையில் அதைப் பெரிதாக எழுதி, பொய் எண் எழுதுவோர் எவ்வாறு அகப்படுவர் என்று விளக்கிவிடுவது என் வழக்கமாயிற்று. அறிவித்துவிட்டு ஆண்டிறுதியில் அறிக்கைகளைத் திருத்தும்போது, எல்லா எண்களும் நான்கால் வகுபடக் கண்டு, என் மாணாக்கர் நேர்மையாளர் ஆகிவிட்டனர் என்று மகிழ்ந்தேன்.

இனிப் பரீனா. இது அவருடைய உண்மைப் பெயரன்று. முசலிப் பக்கத்துக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பயின்றார். வகுப்பில் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஏனையோர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பர். முகாமைத்துவப் பாடத்தில், ஒரு விளையாட்டு நிகழ்வைத் திட்டமிட்டு வருமாறு ஒருமுறை பணித்தேன். பலரும் மாவட்டம் தழுவிய ஓட்டப்போட்டிகளையும் நேரலை ஒளிபரப்பையும் வரைந்து வந்தனர். அவர் கொண்டுவந்தது தம் ஊர்ப் பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு. காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, மூடிய மண்டபத்தில்.

"ஏன் அந்த நேரம்?" என்று கேட்டேன்.

"ஆம்பிளையள் கடல்ல நிக்கிற நேரம் சேர். வீட்டில நிண்டா ஒவ்வொரு அஞ்சு நிமிசத்துக்கும் தேத்தண்ணி கேட்டுக் கூப்பிடுவினம்."

ஏனையோர் திட்டங்கள் தாளோடு நின்றன. பரீனா தம் திட்டத்தை மெய்யாகவே நடத்த ஆயத்தமானார். இறுதியாண்டு முடிவதற்குள் ஆறு விரிப்புகள் வாங்கியாயிற்று. பெயர் தந்த பெண்கள் விரிப்புகளை விடக் கூடுதலாயினர். மண்டபம் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு உரியது. சங்கத்தார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தனர்: படித்து முடித்த சான்றிதழைக் கண்ணால் கண்டபின்பே மண்டபத்தின் திறப்பை, அதாவது சாவியை, கையளிப்பர். சான்றிதழுக்கு எஞ்சியிருந்தது இறுதி ஆய்வறிக்கை ஒன்றே. அதில் பொய்த்தரவு எழுதியவர் எனக் கண்டறியப்படுபவர் கற்கைநெறியிலிருந்து நீக்கப்படுவார் என்பது எங்கள் கல்லூரியின் ஒழுங்குவிதி.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கரைவலை இழுப்போரின் நாடித்துடிப்பு, இழுக்கும் முன், இழுத்து முடித்தவுடன், சற்று ஆறியபின் என மூன்று வேளைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதே ஆய்வு. கடலில் வளைத்துப் போட்ட வலையை இருபுறமும் கயிறு பற்றிக் கரைக்கு இழுத்துச் சேர்க்கும் அத்தொழிலில், ஈரமணலில் குதிகால் புதையப் பின்னோக்கி நடக்கும் ஆடவரைவிடச் சிறந்த உடற்பயிற்சியாளரை எந்த உடற்பயிற்சிக்கூடத்திலும் காணவியலாது.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல், விரிவுரையாளர் அறையில் அமர்ந்து அவ்வறிக்கையைத் திறந்தேன். முறையியல் இயலில், 'நாடித்துடிப்பு மணிக்கட்டில் பதினைந்து செக்கன் எண்ணப்பட்டு நான்கால் பெருக்கப்பட்டது' என்று தெளிவாக எழுதியிருந்தது. அட்டவணையைப் புரட்டினேன். முதல் வரியில் எண்பத்தேழு. அடுத்து நூற்றிரண்டு. அதற்கடுத்து எழுபத்தொன்பது. நான்கால் வகுபட்டவை ஏறத்தாழ நான்கில் ஒன்றே, அவையும் தற்செயலாக வந்தவை போல் நின்றன. மேலும், இழுத்து முடித்தவுடன் எடுக்கப்பட்டதாகக் காட்டிய எண்கள், அத்தகைய கடும் உழைப்புக்குப் பின் எதிர்பார்க்கத்தக்கதைவிடக் குறைவாக இருந்தன. என் கையில் ஒன்றுக்கு இரண்டு சான்றுகள்.

நண்பர்களே, அப்போது எனக்கு வருத்தம் உண்டாயிற்று என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மையில் முதலில் உண்டானது மகிழ்ச்சி. நெடுநாள் இரை கிட்டாத தூண்டிலில் மிதவை அசைந்ததைப் போன்ற மகிழ்ச்சி. வருத்தம் சிவப்பு மையால் வட்டமிட்டு முடித்தபின் வந்தது.

மறுநாட் காலைத் தேர்வில் என்னோடு அமர்ந்தவர் எங்கள் துறைத் தலைவி. என்னைவிட வயதில் இளையவர். குறைவாகப் பேசி நிறைவாக முடிக்கும் இயல்பினர். நான் கண்டதை முன்கூட்டியே அவரிடம் கூறியிருந்தேன். பரீனா வந்து கதிரையில் அமர்ந்ததும், நான் பொறியை மெல்ல விரித்தேன்.

"துடிப்பை எத்தினை செக்கன் எண்ணினனீங்கள்?"

அவர் ஒரு கணம் தயங்கினார். "பதினைஞ்சு, சேர்."

"எண்ணி என்ன செய்தனீங்கள்?"

"நாலால பெருக்கினனான்."

"நல்லது. இந்த எண்பத்தேழை நாலால பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் அட்டவணையைப் பார்த்தார். நான் இட்ட சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். பின்பு தம் கைகளைப் பார்த்தார். அந்தத் தலைகுனிவை நான் ஒப்புதல் என்றே கொண்டேன். தேர்வுப் படிவத்தைத் தலைவியின் பக்கம் நகர்த்தினேன். அவர் எழுதுகோலின் மூடியைக் கழற்றினார், ஆனால் எழுதவில்லை.

"பிள்ளை," என்றார், "அந்த மனிசரின்ர நாடியை ஆர் பிடிச்சது?"

எனக்கு அது தேவையற்ற கேள்வியாகப் பட்டது. பரீனாவுக்கு அவ்வாறு படவில்லை. அவர் நிமிர்ந்து அமர்ந்தார்.

"ஒருத்தரும் பிடிக்கேல்ல மிஸ். அவையளே பிடிச்சவை. கழுத்தில."

"அப்ப நீங்கள்?"

"நான் மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எல்லாரும் எங்கட ஊர் ஆக்கள். வாப்பாவோட தொழிலுக்குப் போற ஆக்களும் அதுக்க இருக்கினம். நான் போய் ஒவ்வொருத்தரின்ர கையையும் பிடிச்சா, எனக்கும் ஒரு மாதிரி, அவையளுக்கும் ஒரு மாதிரி. கையை நீட்டவே மாட்டினம்."

"பதினைஞ்சு செக்கன் தானே?"

"முதல் நாள் பதினைஞ்சு எண்டுதான் சொன்னனான் மிஸ். அவையள் ஒண்டு, ரெண்டு எண்டு தொடங்க முதலே முடிஞ்சிடும். பிறகு சம்மாட்டி மாமா சொன்னார், எண்ணுறதெண்டா முழுசா ஒரு நிமிசம் எண்ணுவம், காலும் அரையும் எங்களுக்குச் சரிவராது எண்டு. அதால ஒரு நிமிசம் எண்ண வச்சனான்."

சம்மாட்டி என்பவர் வலைக்கு உரியவர். கரையில் அவர் சொல்வதே ஒழுங்கு.

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே," என்றேன். என் குரலில் இன்னும் கடுமை இருந்தது.

பரீனா என்னை நேராகப் பார்த்தார். "முதலாம் வருசம் நீங்கள் சொன்னனீங்கள் சேர். உடலைத் தொடத் தயங்குவோர் இத்துறைக்கு உரியர் அல்லர் எண்டு. நான் தொடேல்ல எண்டு எழுதினா, பெயில் போடுவியள் எண்டு நினைச்சனான். எல்லாரும் எழுதுற மாதிரி எழுதிப்போட்டன்."

அவ்வாக்கியம் என்னுடையதுதான். செய்முறை வகுப்பில் சிலர் கூச்சப்பட்டு நின்றதைக் கண்டு ஓராண்டு சொன்னது. எதுகையும் ஓசையும் நன்றாக அமைந்துவிட்டதாக எனக்கே தோன்றியதால் ஆண்டுதோறும் சொல்லிவந்தது. அதைக் கேட்டு ஒருவர் அஞ்சியிருப்பார் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை.

ஆயினும் நான் உடனே இளகிவிடவில்லை. மீன்பிடிப்போர் தம் நாடியைத் தாமே பிழையின்றி எண்ணினர் என்பதை என்னால் நம்ப இயலவில்லை. தலைவி எழுதுகோலை மூடினார். "அப்ப போய்ப் பாருங்கோ ஐயா. நாளைக்கு வலை வளைப்பினமோ பிள்ளை?"

"ஓம் மிஸ், விடியவே வளைப்பினம்."

"நல்லம். முடிவை நாளையிண்டைக்கு எழுதுவம்."

மறுநாள் விடிகாலையில் என்னை அங்கு கொண்டுசேர்க்க முன்வந்தவர் டிலக்சன். தாழ்வுபாடு என்னும் ஊரைச் சேர்ந்தவர், வகுப்பின் மாணவர் தலைவர், உந்துருளி வைத்திருந்தவர். அப்பருவத்தின் மிகச் சிறந்த அட்டவணை அவருடையது. தம் ஊர்க் காற்பந்து வீரர் முப்பதின்மரின் நாடித்துடிப்பை ஆராய்ந்திருந்தார். நானே அதன் மேல் 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன். வழக்கமாக ஓயாது கதைப்பவர், அன்று கல்லூரி இருந்த தீவிலிருந்து பாலங் கடந்து பெருநிலம் சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. என் எடைதான் காரணமோ என்று எண்ணினேன்.

நாங்கள் கரையை அடைந்தபோது வலையின் இரு கயிறுகளும் கரையேறிக்கொண்டிருந்தன. பரீனா தம் தந்தையோடு சற்று அப்பால் நின்றார். சம்மாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவர்தானோ உன்ர சேர்?"

"ஓம் மாமா."

"பிள்ளை எழுதினது பொய்யெண்டு சொன்னவர்?"

"அப்பிடிச் சொல்லேல்ல மாமா. பிரிபடேல்ல எண்டு சொன்னவர்."

"பிரிபடாதது எங்கட கணக்கோ, அவற்ற கணக்கோ எண்டு இப்ப பாப்பம். வாங்கோ சேர், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

காலணியைக் கழற்றினேன். முதலாமவர் கயிற்றை விட்டு வந்தவுடன், தம் இரு விரல்களைக் கழுத்தில் பதித்து, உதடு மட்டும் அசைய எண்ணத் தொடங்கினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பற்றிப் பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கினேன். நூற்றுப் பன்னிரண்டு. ஒரு நிமிடம் முடிந்தது. பரீனா கையை உயர்த்தினார். கயிறு இழுத்தவர் தாமே எண்ணியது நூற்றுமூன்று.

நான் புன்னகைத்தேன். பெருந்தவறு கண்டுவிட்டவனின் புன்னகை.

"சேர்," என்றார் பரீனா, "நிமிசத்தின்ர கடைசிக்குள்ள தணிஞ்சிடும் தானே. நீங்களும் ஒரு நிமிசம் பிடிச்சுப் பாருங்கோ."

உழைப்பு நின்றவுடன் துடிப்பு தணியத் தொடங்கும் என்பதை அவருக்குக் கற்பித்தவன் நான். என் இரண்டாவது சான்று, அதாவது எண்கள் குறைவாயிருந்தன என்பது, அந்த ஒரே சொல்லில் ஈரமணலில் அமிழ்ந்துபோயிற்று. அடுத்தவரின் கையை முழு நிமிடம் பற்றினேன். நான் எண்ணியது தொண்ணூற்றெட்டு. அவர் சொன்னதும் தொண்ணூற்றெட்டு. மூன்றாமவர் நூற்றேழு, நானும் நூற்றேழு. நான்காமவரிடம் வேறுபாடு வந்தது. எனக்குத் தொண்ணூற்றுநான்கு, அவருக்குத் தொண்ணூற்றாறு.

"ரெண்டு பிழைச்சிட்டுதே," என்றேன், சற்றே ஆறுதலோடு.

"உங்களுக்குத்தான் சேர் பிழைச்சது," என்றார் அவர். "மடி கரைக்கு வந்த நேரம் நீங்கள் மீனைப் பாத்தனீங்கள். நான் பாக்கேல்ல."

மடி என்பது மீன் சேரும் வலையின் பை. அது கரையேறியபோது சூரியன் அதன் மேல் பட்டது. நான் பார்த்தேன் என்பது உண்மை. சுற்றி நின்றோர் வெகுநேரம் சிரித்தனர். அந்த இரண்டு எண் வேறுபாட்டுக்கு நானே பொறுப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். எண்ணி முடித்த ஒவ்வொருவரும் பரீனாவின் தந்தையிடம் சென்று, செவியருகே குனிந்து எண்ணைச் சொல்ல, அவர் அதை மகளிடம் சொன்னார். இது எதற்கென்று வினவினேன்.

"முதல் நாள் சத்தமாச் சொல்லவிட்டனான் சேர்," என்றார் பரீனா. "குறைஞ்ச இலக்கம் வாற ஆள்தான் பலசாலி எண்டு தங்களுக்கை ஒரு போட்டி வச்சிட்டினம். ஒருத்தர் நூறு எண்டா, அடுத்தவர் தொண்ணூறு எண்டுவார். அவருக்குப் பின்னால ஒருத்தர் எண்பது. ஒரு ஆள் நாப்பது எண்டு சொன்னவர்."

"நாப்பதோ?"

"அவர் அங்க நிக்கிறார் சேர். கேட்டுப் பாருங்கோ, இப்பவும் அதுதான் உண்மை எண்டு சொல்லுவார்."

சம்மாட்டி தலையாட்டினார். "அதுக்குப் பிறகு இந்தப் பிள்ளை எங்களைச் சோதினைக்கு இருத்தின மாதிரித்தான். பக்கத்தில நிக்கிறவனைப் பாக்க விடாது. முதல் நாள் எண்ணினது முழுக்கக் கிழிச்செறிஞ்சிட்டுது. மூண்டு நாள் திரும்ப எண்ணினனாங்கள்."

முகாமைத்துவம் என்ற சொல்லுக்கு நான் எழுதிக் கொடுத்த வரைவிலக்கணங்கள் பல பக்கங்கள் நீளும். மனிதர் எதற்காகப் பொய் சொல்வர் என்று கண்டு, அக்காரணத்தை அகற்றிவிடுவது அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

திரும்பும் வழியில், வங்காலையை நெருங்கும்போது, ஒரு தேநீர்க் கடையின் முன் டிலக்சன் உந்துருளியை நிறுத்தினார். இரண்டு தேநீர் வந்தன.

"சேர், ஒண்டு சொல்லோணும். தேத்தண்ணி குடிச்சு முடிச்சாப் பிறகு சொல்லவோ, இப்பவே சொல்லவோ?"

"எது நல்லது?"

"குடிச்சாப் பிறகு நல்லம் சேர். இப்ப சூடாக் கிடக்கு. கொட்டிப்போடுவியள்."

குடித்து முடித்தேன்.

"என்ர முப்பது பேரில பதினொரு பேரைத்தான் உண்மையாப் பிடிச்சு எண்ணினனான். மிச்சப் பேர் அண்டைக்கு மைதானத்துக்கு வரேல்ல. நானே போட்டனான்."

"எல்லாம் நாலின்ர மடங்கா இருந்ததே," என்றேன். எவ்வளவு பேதைமையான மறுமொழி என்பது சொல்லி முடித்தபின்பே விளங்கிற்று.

"அது நீங்கள் முதலாம் வருசமே சொல்லித் தந்தது தானே சேர். பிரிபடாட்டிப் பொய் எண்டு. அப்ப நாங்கள் பிரிபடுற மாதிரிப் பாத்து எழுதினனாங்கள்."

"நாங்கள் எண்டா?"

அவர் வெற்றுக் குவளைக்குள் பார்த்தார். "வகுப்புப் பெரிசு தானே சேர்."

ஏன் இப்போது சொல்கிறீர் என்று கேட்டேன்.

"பரீனா உண்மையா எண்ணினதுக்கு மாட்டுப்பட்டுது. நான் இருந்து எழுதினதுக்கு நீங்கள் 'மிக நன்று' எண்டு போட்டனீங்கள். காலமை வரேக்க முழுக்க முதுகில ஏதோ குத்திக்கொண்டே வந்த மாதிரிக் கிடந்தது."

"அது என்ர பையின்ர மூலை."

"ரெண்டும் சேர்த்துத்தான் சேர்."

இளைய நண்பர்களே, என் பணிக்காலத்தில் நான் சந்தித்த நெருக்கடிகளுள் பெரியது எது என்று கேட்டால், மயங்கி விழுந்த வீரரையோ, வெள்ளத்தில் மூழ்கிய மைதானத்தையோ சொல்லமாட்டேன். அந்தத் தேநீர்க் கடையிலிருந்து கல்லூரி வரை சென்ற நேரத்தைத்தான் சொல்வேன். பெறுபேறுகள் வெளியாக ஒரு கிழமையே இருந்தது. நான் ஓய்வுபெறச் சில திங்களே இருந்தன. பரீனா குற்றமற்றவர் என்று மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சியதைச் சொல்லாது விட்டால் எவருக்கும் தெரியாது. அவ்வாறு விட்டால், உண்மையாக எண்ணியவர் மட்டும் அச்சத்தோடு தேர்வறையில் அமர்ந்தார் என்பதும், நான் பாராட்டியவர்கள் என் கரும்பலகையைப் பார்த்தே பொய் எழுதக் கற்றனர் என்பதும் அப்படியே நிலைத்துவிடும். சொல்லவேண்டும் என்று நான் முடிவுசெய்தது பாலத்தின் நடுவில். டிலக்சனிடமும் அதைச் சொன்னேன். "தெரியும் சேர், அதுக்காகத்தான் சொன்னனான்" என்றார்.

தலைவி முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, "கள்ளனைப் பிடிக்கிற வழியைக் கள்ளனுக்கே முதலாம் வருசம் படிப்பிச்சிருக்கிறியள் ஐயா" என்றார். ஒழுங்குவிதியின்படி வகுப்பில் பாதியை நீக்க நேரிடும், அவ்விதியை மீறவைத்ததில் ஆசிரியனுக்கும் பங்குண்டு என்று எழுதித் தர முன்வந்தேன், எழுதியும் தந்தேன். அதைப் பரீட்சைக் குழு ஏற்றுக்கொண்டது. அன்று மாலைக்குள் தாமாக முன்வந்து கூறுவோர் ஒரு திங்களுக்குள் ஆய்வை மீண்டும் செய்யலாம். கூறாதோரின் பங்குபற்றுநரைத் தலைவி நேரில் சென்று காண்பார் என்று அறிவிக்கப்பட்டது. மாலை நான்கு மணிக்குள் அவருடைய அறை வாசலில் வரிசை நின்றது. முதலில் நின்றவர் டிலக்சன்.

மறுநாள் பரீனாவை அழைத்தோம். அவருடைய எண்கள் அனைத்தும் உண்மை எனக் குழு ஏற்றது. ஆயின் முறையியல் இயலில் எழுதியது நடந்ததன்று. அவ்வியலை ஒரு கிழமைக்குள் திருத்தி எழுதவேண்டும், புள்ளிகளும் குறைக்கப்படும் என்றார் தலைவி. புள்ளி குறைப்பது தகாது என்று நான் வாதிட்டேன். அச்சத்தை விதைத்தவன் நான் என்றேன்.

"குறையுங்கோ மிஸ்," என்றார் பரீனா. "பதினைஞ்சு செக்கன் எண்டு நான் எழுதினது பொய்தானே. நீங்கள் கேட்டவுடனயும் அதையே சொன்னனான்."

அவர் எழுந்து செல்லும்போது, அந்த வாக்கியத்துக்காக வருந்துகிறேன் என்றேன். அவர் கதவடியில் நின்றார்.

"நல்ல வசனந்தான் சேர். கேட்டுக்கொண்டிருக்க நல்லா இருக்கும். இனிமேல் சொல்லாதேங்கோ."

சொல்லவில்லை. கரும்பலகையில் நான்கின் விதியையும் அதன்பின் எழுதவில்லை. அதற்கு மாறாக, எஞ்சிய சில வாய்மொழித் தேர்வுகளிலும் என் முதல் வினா ஒன்றாகவே இருந்தது: அன்றைக்கு என்ன நடந்தது, தொடக்கத்திலிருந்து சொல்லுங்கோ. சொல்லத் தொடங்கினால், மெய்யாகச் சென்றவருக்கு மழையும் நாயும் பிந்தி வந்த பேருந்தும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். செல்லாதவரிடம் எண்கள் மட்டுமே இருக்கும்.

ஒரு கிழமை கழித்துத் திருத்திய இயல் என் மேசைக்கு வந்தது. அதில் இவ்வாறு இருந்தது: 'ஆய்வாளர் பங்குபற்றுநர் எவரையும் தொடவில்லை. அவர்கள் தம் கழுத்தில் தாமே ஒரு நிமிடம் எண்ணினர். எண்ணியது பிறர் செவியில் விழாதவாறு பெறப்பட்டது. முதல் நாள் எண்கள் போட்டியால் பழுதுற்றமையால் நீக்கப்பட்டன.' தமிழ் உரைநடையில் தூய்மையைத் தேடி நான் வாசித்த நூல்கள் பல. இந்நான்கு வரிகளில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு இடம் கிடைக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்த அன்றே அவர் அதைச் சங்கத்தாரிடம் கொண்டுசென்றார். சங்கத் தலைவி அதை இருமுறை வாசித்து, புள்ளி குறைந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டாராம். பரீனா ஒளிக்காமல் முழுவதையும் சொன்னாராம். கேட்டு முடித்த அம்மையார், "அப்ப எங்கட நாடியையும் நாங்களே பிடிக்கலாந்தானே" என்று சொல்லி மண்டபத்தின் திறப்பை அவர் கையில் வைத்திருக்கிறார். ஏழு மணி வகுப்பு இன்றும் நடக்கிறது. ஆடவர் எவரும் உள்ளே செல்ல இயலாதாகையால், அது எவ்வளவு சிறப்பாக நடக்கிறது என்பதை நான் பிறர் சொல்லக் கேட்டே எழுதுகிறேன்.

இக்குறிப்பிலுள்ள உரையாடல்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை; எண்கள் மட்டும் அன்றைய குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. பரீனாவுக்கும் டிலக்சனுக்கும் இதன் படி ஒவ்வொன்று அனுப்பினேன். கரைக்கு நாங்கள் சென்ற அன்று நான் காலணியைக் கழற்ற மறுத்ததாகவும், சம்மாட்டி இருமுறை சொன்னபின்பே கழற்றியதாகவும் பரீனா எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வாறு நினைவில்லை. அவர் சரியாகவே சொல்லியிருப்பார். வேறு பிழைகளும் இதில் இருக்கலாம். காண்போர் அருள்கூர்ந்து எனக்கு அறியத்தருக. பிழை இன்னது என்று சுட்டுவதோடு, அதை எவ்வாறு அறிந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தெழுதுக.